முகத்துக்கு ஒரு விலை

எவ்வளவு கொடுத்தீர்கள், தம்பி? பயப்படாதீர்கள், நான் போலீஸ் இல்லை. பைக்குள் துண்டைச் சுற்றி வைத்திருக்கிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன். துண்டுக்கு மேலே சிவப்பு மூடி தெரிகிறது. ஃபுல் பாட்டில், பிராந்தி.

எழுநூற்று முப்பதா? லேபிளைப் பார்த்தீர்களா? அறுநூற்று நாற்பது என்று போட்டிருக்கும். பார்த்திருக்க மாட்டீர்கள். பிராந்தி வாங்குகிறவன் எவனும் கடை வாசலில் நின்று லேபிள் படிப்பதில்லை. தெரிந்தவர் யாராவது வருகிறாரா என்று ரோட்டைத்தான் பார்ப்பான். எங்கள் லாபமே அந்தப் பார்வையில்தான் இருக்கிறது. கத்தரிக்காய்க்கு இரண்டு ரூபாய் கூடச் சொன்னால் சந்தையையே கூட்டிச் சண்டை போடுகிற மனிதர், இங்கே தொண்ணூறு ரூபாயை விட்டுவிட்டு ஓடுவார்.

எந்தக் கடை, பச்சைப் பலகையா? அதானே பார்த்தேன். அது எங்கள் கடை இல்லை. எங்கள் கடையில் நான் நின்றிருந்தால் உங்களுக்கு எழுநூறுதான் சொல்லியிருப்பேன். செருப்பு நல்ல செருப்பு. ஆனால் சட்டைக் காலர் தேய்ந்திருக்கிறது. பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறீர்கள். அதற்கு எழுநூறு சரியான விலை. எழுநூற்று முப்பது அநியாயம்.

என்ன சிரிக்கிறீர்கள்? என் பெயர் கலியபெருமாள். காரைக்காலில் அந்துவான் முதலாளியின் ஒயின் கடையில் இருபத்தேழு வருஷமாக விற்பனையாள். ஒரு சொட்டு குடித்தவன் இல்லை. அதிகம் பேசுகிறவனும் இல்லை. கடையில் நான் வாய் திறப்பது விலை சொல்வதற்கு மட்டும்தான். இன்றைக்கு நாகப்பட்டினத்தில் ஒரு இடத்தில் போய்ப் பேச வேண்டியிருக்கிறது. அதனால் வாய் கொஞ்சம் பழகட்டும் என்று உங்களிடம் பேசுகிறேன். தொந்தரவு என்றால் சொல்லிவிடுங்கள்.

குடிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது, தம்பி. உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். இருபத்தேழு வருஷத்தில் எத்தனை பேரைப் பார்த்திருப்பேன். ஒருவனுக்காவது தான் என்ன வாங்குகிறோம் என்று தெரியுமா? கண்ணுக்கு நேரான தட்டில் எங்களுக்கு லாபம் அதிகமான சரக்கை வைப்போம். மலிவானது காலடியில் இருக்கும். குனிந்து பார்க்க வெட்கம். 'அது என்ன?' என்று நேரே இருப்பதைக் காட்டுவான். பக்கத்தில் வேண்டுமென்றே தொள்ளாயிரம் ரூபாய் பாட்டில் ஒன்றை நிறுத்தியிருப்போம். அது விற்க வைத்தது இல்லை. அதைப் பார்த்த பிறகு எழுநூறு மலிவாகத் தெரியும். 'பரவாயில்லையே' என்று வாங்கிக்கொண்டு போவான். தூசி துடைக்கத்தான் அந்தத் தொள்ளாயிரத்தைக் கையில் எடுப்போம்.

பீரில் ஒன்றும் கிடையாது. கனம், உடைசல், கரண்ட் செலவு. பிராந்தியில்தான் காசு. அதற்கு மேல் ஒயின். ஒயின் வாங்குகிறவரைப் போல ஏமாந்தவர் உலகத்தில் இல்லை. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், முகர்ந்துகூடப் பார்ப்பார், மூடியிருக்கிற பாட்டிலை. முந்நூறு சொன்னால் கீழே வைத்துவிடுவார். அதையே அறுநூறு சொன்னால் 'இது நல்லா இருக்கும்ல?' என்பார். நன்றாக இருக்கும் சார் என்பேன். எனக்கென்ன தெரியும்? திராட்சைப் படம் அழகாக இருக்கிறது. கம்பெனிக்காரன் பத்துப் பெட்டி எடுத்தால் ஒரு பெட்டி சும்மா கொடுப்பான். சும்மா வந்ததையும் அதே விலைக்குத்தான் விற்போம். காலி அட்டைப்பெட்டியைக்கூட விற்போம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு எங்களைத் திருடர்கள் என்பீர்கள். ஆனால் என்னை அப்படிச் சொல்ல முடியாது. ஏன் என்று கேளுங்கள்.

முதலாளிக்குக் கல்லாவில் லேபிள் விலை விழ வேண்டும். அதற்கு மேல் நான் என்ன சொல்லி வாங்கினாலும் பாதி அவருக்கு, பாதி எனக்கு. இது கடையின் வழக்கம். மற்ற விற்பனையாட்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏற்றிச் சொல்வார்கள், ஹார்பரில் மூட்டை தூக்குகிறவனுக்கும் ஏற்றிச் சொல்வார்கள். நான் செய்ததில்லை. மூட்டை தூக்குகிறவன் வந்தால் லேபிள் விலை. தெரிந்த முகமாக இருந்து கையில் குறைந்தால் ஐந்து ரூபாய் குறைத்தும் கொடுத்திருக்கிறேன். பஸ்ஸில் வந்தவருக்குக் கொஞ்சம் கூட. காரில் வந்தவருக்கு நன்றாகவே கூட. கல்யாணப் பார்ட்டி என்றால் கேட்கவே வேண்டாம். ஆளைப் பார்ப்பேன், செருப்பைப் பார்ப்பேன், விலை தானாக வாயில் வரும். தாங்க முடிந்தவனிடம் வாங்குவது, தாங்க முடியாதவனை விட்டுவிடுவது. எல்லாருக்கும் ஒரே விலை என்பதுதான் அநியாயம். நீங்கள் படித்தவராகத் தெரிகிறீர்கள், யோசித்துப் பாருங்கள்.

அப்படி வந்த பாதியில்தான் என் பெண்ணுக்கு இருபத்திரண்டு பவுன் சேர்த்தேன். மதிவதனி. ஒரே பெண். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், அதற்கான படிப்பு படித்திருக்கிறாள். வயது இருபத்தொன்பது. இதற்கு முன்னால் மூன்று வரன் வந்து தட்டிப்போனது. 'பொண்ணு நல்ல பொண்ணுதான், அப்பா பிராந்திக் கடையில நிக்கிறாராமே' என்று போய்விட்டார்கள். அந்த மூன்று வீட்டுக்காரர்களும் எங்கள் கடையில் வாங்குகிறவர்கள்தான். வாங்கலாமாம், விற்கக் கூடாதாம்.

பஸ் கடற்கரைப் பக்கம் வந்துவிட்டது. ஜன்னலைக் கொஞ்சம் ஏற்றுங்கள், மண் அடிக்கிறது.

நான்காவதாக வந்தது நாகப்பட்டினத்து வரன். சிங்காரவேலு என்று நகைக்கடைக்காரர், சின்னக் கடைதான். பையன் பெயர் இளம்பரிதி, கடையை அவன்தான் பார்க்கிறான். அப்பா எங்கே வேலை பார்த்தால் என்ன, பெண் எங்கே வேலை பார்க்கிறாள் என்று பாருங்கள் என்று பையனே வீட்டில் சொல்லிவிட்டானாம். எவ்வளவு பெரிய பேச்சு! தரகர் போட்டோவைக் கொடுத்தார், ஜாதகம் பொருந்தியது, பையனும் பெண்ணும் போனில் பேசிக்கொண்டார்கள். என் பெண் போனில் சிரித்து நான் கேட்டதில்லை. சமையல்கட்டில் நின்றுகொண்டு வாயைப் பொத்திப் பொத்திச் சிரித்தாள். தனபாக்கியம், என் சம்சாரம், 'இது அமைஞ்சிடும்' என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை மத்தியானம் கடைக்கு ஒரு கார் வந்தது. நாகப்பட்டினம் நம்பர். இரண்டு பேர் இறங்கினார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தேன். ஒருவர் வெள்ளைச் சட்டை, விரலில் மூன்று மோதிரம். ஆறு பீரும் ஒரு பிராந்தியும் கேட்டார். பீருக்கு லேபிள் விலை நூற்று முப்பது. நான் நூற்று எண்பது சொன்னேன். குளிர வைத்ததற்கு, கூலிங் என்போம், பாட்டிலுக்குப் பத்து தனி. பிராந்தி அறுநூற்று நாற்பது, எழுநூற்று அறுபது சொன்னேன். இப்போது உங்கள் மடியில் இருக்கிற அதே பிராந்திதான். மூன்று மோதிரத்துக்கு அது நியாயமான விலை.

அவர் லேபிளைப் படித்தார், தம்பி. இருபத்தேழு வருஷத்தில் கடை வாசலில் நின்று லேபிள் படித்த மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். கேட்ட பணத்தை எண்ணிக் கொடுத்தார். கிளம்பும்போது 'உங்க பேரு?' என்றார். சொன்னேன். 'ரொம்ப சந்தோஷம்' என்றார். நான்கூட நல்ல மனிதர், பேரம் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பெண் எடுக்கிறவர்கள் சொல்லாமல் வந்து பெண்ணின் அப்பாவை விசாரிப்பது ஊர் வழக்கம்தான். அக்கம்பக்கத்தில் கேட்பார்கள், டீக்கடையில் கேட்பார்கள். இவர் கல்லாவுக்கே வந்து கேட்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் அதே கார் நின்றது. அதே மோதிரங்கள் உள்ளே வந்தன. அவர்தான் சிங்காரவேலு. அவர் சாவதானமாக உட்கார்ந்தார். மதிவதனி தட்டோடு வந்தாள். அவர் ஒரு வாய் கேசரி சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்து, "கேசரி எவ்வளவுங்க?" என்றார்.

எல்லாரும் விளையாட்டு என்று சிரித்தார்கள். தனபாக்கியம்கூடச் சிரித்தாள்.

"ஆளைப் பார்த்துத்தான் சொல்லுவீங்களோ?" என்றார். "அன்னைக்கு எங்களுக்கு ஏன் அந்த விலை சொன்னீங்க?"

எனக்குச் சட்டென்று பொய் சொல்ல வராது. "கார்ல வந்தீங்க" என்றேன்.

அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் தட்டைக் கீழே வைத்தார். "சரிதான். பொண்ணு வயசு இருபத்தொன்பதுன்னு தரகர் சொன்னாரு. அது லேபிள் விலையா, கார்ல வந்தவனுக்குச் சொல்ற விலையா? நகை இருபத்திரண்டு பவுனுன்னீங்க. அதுல கூலிங் சார்ஜ் எவ்வளவு?"

பையன் "அப்பா, போதும்ப்பா" என்றான். மதிவதனி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அழவில்லை. மருந்துக்கடையில் சீட்டைப் படிப்பது போல என் முகத்தைப் படித்தாள்.

ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். சொல்லியும் அனுப்பினார்கள். 'பையனுக்கு இஷ்டம்தான். காசு எங்களுக்குப் பெரிசில்ல. அந்த மனுஷர் சொன்னதுல எது நெசமுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?' இதுதான் தரகர் கொண்டுவந்த வார்த்தை. நாளைக்குத் திருத்துறைப்பூண்டியில் வேறு பெண் பார்க்கப் போகிறார்களாம்.

எனக்கு ஆற மாட்டேன் என்கிறது, தம்பி. ஊரில் பெண்ணுக்கு வயது சொல்கிறவர்கள் எல்லாரும் இரண்டு மூன்று குறைத்துத்தான் சொல்கிறார்கள். தரகரே என்னிடம் 'இருபத்தாறுன்னு போடுவோம்' என்றார். நான்தான் கூடாது, இருபத்தொன்பது என்றே போடு என்றேன். முப்பதாக இன்னும் நான்கு மாதம் இருப்பதையும் சொன்னேன். பவுனும் அப்படித்தான். ஒரு குந்துமணி கூட்டிச் சொல்லவில்லை. குறைத்துச் சொன்னவர்களை எல்லாம் நம்பிக் கல்யாணம் முடிக்கிறார்கள். சரியாகச் சொன்னவனை நம்ப மாட்டேன் என்கிறார்கள். கடை வேறு, வீடு வேறு. இதுகூடவா ஒரு வியாபாரிக்குத் தெரியாது?

அதுவும் யார் சொல்வது? நகைக்கடைக்காரர்! நான் அந்த இருபத்திரண்டு பவுனையும் காசு கொடுத்து வாங்கியவன். ஒரு சங்கிலி வாங்கினால் செய்கூலி தனி, சேதாரம் தனி. சேதாரமாகப் போன தங்கம் எங்கே போனது என்று ஒரு கடைக்காரரைக் கேட்டேன். 'அது அப்படித்தாங்க' என்றார். காற்றில் கரைந்துவிட்டதா? பட்டறையைக் கூட்டினால் தூசிக்கும் விலை வைத்து விற்கிறார்கள். என் பீர் குளிர்ந்ததற்காவது கரண்ட் பில் இருக்கிறது. சேதாரத்துக்கு என்ன இருக்கிறது? இதை அன்றைக்கே அவர் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்க வேண்டும். கூட்டத்தில் எனக்கு வாய் வராது.

வாஞ்சூர் செக்போஸ்ட், இதைத் தாண்டினால் தமிழ்நாடு. வரிசையில் நிற்கிறது பஸ், நேரம் ஆகும். பையைக் கீழே விடுங்கள், மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தால் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

இன்றைக்குக் காலையில் மதிவதனி என் கையில் ஒரு கவரைக் கொடுத்தாள். அவள் சம்பளப் பணம். "நாகப்பட்டினம் போங்கப்பா. அவங்ககிட்ட அதிகம் வாங்கினது மொத்தம் நானூத்தி எண்பது. நீங்க சொன்ன விலையை வச்சுக் கணக்குப் போட்டு எண்ணி வச்சிருக்கேன். கொடுத்துட்டு, தப்புதான், மன்னிச்சுக்குங்கன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்லாதீங்க. விளக்கம் வேண்டாம்."

"கல்யாணம் நடக்கும்னு நினைக்கிறியா?" என்றேன்.

"நடக்கட்டும், நடக்காம போகட்டும். என் வயசு இருபத்தொன்பதுன்னு நீங்க சொன்னது நெசம்னு அவருக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

அவர் என்று பையனைச் சொல்கிறாள்.

பஸ்ஸில் ஏறியதும் நான் கவரைப் பிரித்து எண்ணிப் பார்த்தேன். பீருக்கு ஐம்பது வீதம் முந்நூறு. பிராந்திக்கு நூற்று இருபது. நானூற்று இருபதுதான் வருகிறது. மீதி அறுபது கூலிங். அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? கூலிங் என்பது செய்த வேலைக்கு வாங்கிய கூலி. அதனால் அறுபதை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இதோ பாருங்கள், தனியாக இருக்கிறது. பிசகில்லாத கணக்கு. நீங்களே சொல்லுங்கள், சரிதானே?

ஏன் ஜன்னலைப் பார்க்கிறீர்கள்?

கொஞ்சம் இருங்கள், தண்ணீர்க்காரன் வருகிறான். ஏய், இங்கே ஒன்று கொடுப்பா. எவ்வளவு? இருபத்தஞ்சா? பாட்டில்ல இருபதுன்னு போட்டிருக்கு, எனக்குப் படிக்கத் தெரியும். என்னது, கூலிங்கா? எங்கே, தொட்டுப் பாரு. இது கூலிங்கா? குளிக்கிற வெந்நீர் மாதிரி இருக்கு!

"ஐஸ் பெட்டியிலேருந்து எடுத்தா கூலிங்தான் பெரியவரே. ஐஸ் கரைஞ்சு போனா நான் என்ன பண்றது? ஜன்னல்ல கை நீட்டறவங்க யாரும் தொட்டுப் பார்த்து வாங்கறதில்ல."

வேண்டாம் போ. எனக்குத் தாகமே இல்லை. இருபது கொடுக்கிறேன், கொடுத்தால் கொடு. பார்த்தீர்களா தம்பி, கொடுக்கிறானா பாருங்கள். ஐஸ் கரைந்த பிறகு ஐஸுக்குக் காசு கேட்கிறான். இவனையெல்லாம்...

இல்லை. ஒன்றுமில்லை. ஒரு விஷயம் யோசிக்கிறேன்.

அந்த வியாழக்கிழமை நான் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன் அல்லவா? ஏன் விசிறினேன்? தலைக்கு மேலே ஃபேன் இருக்கிறது. கரண்ட் இல்லை, தம்பி. அன்றைக்குக் காலையிலிருந்து கரண்ட் இல்லை. கம்பத்தில் வேலை என்று நிறுத்திவிட்டார்கள். கூட வந்தவர் பாட்டிலைத் தொட்டுவிட்டு 'என்னங்க வெதவெதன்னு இருக்கு' என்றார். 'வெளியில எடுத்தா அப்படித்தான் இருக்கும்' என்றேன். அதுவும் எனக்கு மறந்து போய்விட்டது. கூலிங் என்பது வாயில் பழகிப்போன வார்த்தை. பீர் என்றால் பின்னாலேயே அது வரும்.

குளிராத பீருக்குக் கூலிங் வாங்கியிருக்கிறேன். இது தப்புக் கணக்கு. இந்த அறுபதும் அவருடையது. இதோ, கவருக்குள் வைத்துவிட்டேன், நீங்களே சாட்சி. நானூற்று எண்பது. மதிவதனி சொன்ன கணக்கே வந்துவிட்டது. அவளுக்குக் கரண்ட் போனது எப்படித் தெரியும்? தெரியாது. தெரியாமலே சரியாகச் சொல்லிவிட்டாள்.

இந்த ஒரு நாளுக்கு மட்டும்தான் திருப்பிக் கொடுக்கிறேன். மற்ற நாளெல்லாம் கரண்ட் இருந்தது. இதை அவரிடம் விளக்கிச் சொன்னால் நான் எப்படிப்பட்ட ஆள் என்று அவருக்குப் புரிந்துவிடும். அறுபது ரூபாய்க்குக்கூடக் கணக்குப் பார்க்கிற மனிதன் பெண்ணின் வயதில் பொய் சொல்வானா?

ஆனால் விளக்கம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

பஸ் நகர்ந்துவிட்டது. நாகூர் தாண்டினால் வந்துவிடும். தப்புதான், மன்னிச்சுக்குங்க. அவ்வளவுதானே? அதைச் சொல்வதில் என்ன இருக்கிறது? சட்டென்று சொல்லிவிடலாம். தம்பி, நீங்கள்தான் சிங்காரவேலு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கவரைப் பிடியுங்கள், சும்மா ஒரு பழக்கத்துக்கு. என்னைப் பாருங்கள்.

ஐயா, அன்னைக்கு நான் உங்ககிட்ட...

இல்லை, இருங்கள். முதலிலிருந்து வருகிறேன். ஐயா, அன்னைக்கு...

வரவில்லை. தொண்டை வரைக்கும் வந்தது, அதற்குள் உங்கள் காலர் கண்ணில் பட்டுவிட்டது. காலரைப் பார்த்தேனா, எழுநூறு என்று வாயில் வந்து நிற்கிறது. இருபத்தேழு வருஷப் பழக்கம். கவரைக் கொடுங்கள்.

அங்கே போய் அந்த மனிதரை நிமிர்ந்து பார்த்தேன் என்றால் மூன்று மோதிரம் தெரியும். மோதிரத்தைப் பார்த்தால் அவருக்கு எவ்வளவு சொல்லலாம் என்று தோன்றும். அவர் கடையில் வாங்குகிற சேதாரமும் ஞாபகம் வரும். மன்னிப்பில்கூட நான் ஏதாவது பிடித்தம் செய்துவிடுவேன். அவர் லேபிள் படிக்கிற மனிதர், கண்டுபிடித்துவிடுவார். கீழே பார்த்துக்கொண்டு சொல்லலாம் என்றால் அங்கே செருப்பு இருக்கும்.

கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்ல வேண்டும், தம்பி. வாசலில் வைத்தே மூடிக்கொள்கிறேன். கதவை அந்தப் பையன் திறந்தால் நன்றாக இருக்கும், கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போவான்.